மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதல்வர் காப்பீட்டு அட்டை எவ்வளவு தாங்கும்? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கான மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அட்டை நல்ல அட்டை. அறுவை சிகிச்சை, கீமோ, ஊர்வழக்கில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சு ஆகிய மூன்றுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை அது பார்த்துக்கொள்ளும். வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளாது. சிகிச்சை ஏழெட்டு மாதம் இழுக்கும்போது குடும்பம் சாய்வது பஸ் காசிலும், துணைக்கு வருகிறவர் இழக்கும் கூலியிலும், வெளியே எடுத்த ஸ்கேனிலும், வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் கடன் தவணையிலும்தான். இந்தச் செலவுக்கும், மனசு உடைந்துபோகும் நேரத்துக்கும் நம் இரண்டு மாவட்டங்களில் என்ன கிடைக்கிறது, எது உருப்படியாக வேலை செய்கிறது, எங்கே சிக்குகிறது என்பதையும் சேர்த்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

அட்டை கைக்கு வருவது

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது குடும்பம் முழுவதற்கும் பொதுவான தொகை. அதே ஆண்டில் மாமனாருக்கு இருதய ஆபரேஷன் நடந்திருந்தால் அதுவும் இதிலிருந்துதான் கழியும்.

புதிதாக எடுக்க, ஸ்மார்ட் ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். போவதற்கு முன் ஒரு வேலை: திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பழைய பதிவு இருக்கும், அட்டைதான் தொலைந்திருக்கும். எண் கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. செல்போன் பழக்கம் இல்லாதவர்கள் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சிக்கல் வருவது பெரும்பாலும் ரேஷன் கார்டில்தான். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலேயே இருக்கும். புகுந்த வீட்டு அட்டையைக் காட்டினால் கவுண்டரில் 'இவங்க பேரு இதுல இல்லையே' என்று திருப்பி அனுப்புவார்கள். பெயர் நீக்கம், சேர்ப்பு இரண்டும் முடிய வாரக் கணக்கில் ஆகலாம். அதுவரை பிறந்த வீட்டு அட்டை செல்லுபடியானால் அதிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, பெயர் மாற்றத்தைச் சிகிச்சை முடிந்தபின் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நடுவில் மாற்றினால் ஏற்கெனவே ஒப்புதலான கோப்பும் புது அட்டையும் பொருந்தாமல் தொங்கும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்பது அடுத்த தலைவலி. ஒன்றில் 'முனியம்மாள்', இன்னொன்றில் 'முனியம்மா' என்று இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். வயதானவர்களுக்கும் களை பறித்தே கை தேய்ந்தவர்களுக்கும் விரல் ரேகை விழாது. அப்போது கண் கருவிழிப் பதிவோ, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யோ உண்டா என்று கேளுங்கள். அதற்காகவே ஆதாரில் இப்போது கையில் இருக்கும் செல்போன் எண் இணைந்திருக்க வேண்டும்.

வருமானச் சான்றை வி.ஏ.ஓ.விடம் வாங்கும்போதே, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அளிக்கும் சான்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பின்னால் சொல்லப்போகும் நிவாரண நிதிகளுக்கெல்லாம் அதுதான் வேண்டும். நோயாளி எழுந்து வர முடியாத நிலை என்றால், சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரியின் கடிதம் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. அட்டை இல்லை என்பதற்காக அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை நிற்காது. அட்டைக்காகக் காத்திருந்து ஒரு மாதத்தைத் தொலைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

அட்டை எட்டாத முதல் மூன்று வாரம்

எங்கள் மதிப்பீட்டில் திட்டத்தின் பலவீனமான இடம் இதுதான். காப்பீட்டு ஒப்புதல் கேட்க நோய் உறுதியான அறிக்கை வேண்டும். அந்த அறிக்கைக்கு முன்னால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், பயாப்சி என்ற சதைப் பரிசோதனை, அதன்பின் புற்று எந்த வகை என்று அதே சதையில் பார்க்கும் ஐ.எச்.சி. சோதனை, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். இவற்றைத் தனியாரில் எடுத்தால் பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். ஆகவே கட்டி தெரிந்தவுடன் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் அறுவை சிகிச்சைத் துறை ஓ.பி.யில் காட்டுவதே மேல். வரிசை நீளம்தான். ஆனால் இந்தக் கட்டத்தில் மிச்சமாகும் பணம்தான் பிறகு பஸ்ஸுக்கு உதவும்.

பணத்தோடு காலத்தையும் விரயமாக்கும் தவறு ஒன்று உண்டு. 'கொழுப்புக் கட்டிதான்' என்று சின்ன ஆஸ்பத்திரியில் கட்டியை அப்படியே வெட்டி எடுத்துவிடுவது. முறையான வழி, தடித்த ஊசியால் சதைத்துணுக்கு எடுக்கும் ட்ரூ-கட் பயாப்சி. வெட்டி எடுத்துவிட்டால் எவ்வளவு விளிம்பு விட்டு எடுத்தார்கள், அக்குள் நெறிக்கட்டு என்ன ஆனது என்பது தெரியாமல் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும். எடுத்த துண்டை 10 சதவீத ஃபார்மலினில், துண்டைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். வெறும் சலைனில் போட்டு மறுநாள் அனுப்பினால் திசு கெட்டு ஐ.எச்.சி. முடிவு நம்பத்தகுந்ததாக வராது. அப்புறம் மறுபடியும் சோதனை, மறுபடியும் செலவு.

ஐ.எச்.சி. அறிக்கையில் பார்க்க வேண்டியது மூன்று: ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம். முதல் இரண்டில் ஒன்று பாசிட்டிவ் என்றால் பின்னால் ஹார்மோன் மாத்திரை உண்டு என்று அர்த்தம். ஹெர்2 3+ என்றால் ட்ராஸ்டுசுமாப் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய ஒரு வருடம், இடையிடையே இருதய எக்கோ. செலவின் அளவையே மாற்றும் மருந்து இது. இந்த ஆஸ்பத்திரியில் இது திட்டத்தில் எத்தனை ஊசி வரை கிடைக்கும் என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெர்2 2+ என்று வந்தால் அது இரண்டுங்கெட்டான் விடை. ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்தால்தான் தெரியும். அதற்குப் பயாப்சி செய்த லேபில் இருக்கும், சதைத்துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் கண்ணாடிச் சில்லும் வேண்டும். நோயாளி கேட்டால் அதைக் கொடுப்பார்கள். கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை. வேறு ஊருக்கு மாறுகிறவர்கள் அறிக்கைத் தாளோடு இந்த மெழுகுக் கட்டியையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இன்சூரன்ஸ் கவுண்டர்

திட்டப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் காப்பீட்டுக்கென்று ஒரு மேஜையும் ஆளும் இருக்கும். டாக்டர் எழுதிய சிகிச்சைத் திட்டம், பயாப்சி அறிக்கை, போட்டோ எல்லாவற்றையும் அவர் ஏற்றி முன் ஒப்புதல் கேட்பார். வந்தபின்தான் சேர்க்கை. கீமோவில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கே: ஒப்புதல் ஒரு முறை வாங்கினால் ஆறு சுற்றுக்கும் போதும் என்று நினைத்துவிடுவார்கள். சுற்றுக்குச் சுற்று கேட்க வேண்டும். மூன்றாவது சுற்றுக்கு விடியற்காலை பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ கிளம்பி வந்து, 'அப்ரூவல் இன்னும் வரலைம்மா, நாளைக்கு வாங்க' என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு சுற்று முடிந்து கிளம்பும்போதே அடுத்ததற்கு எந்த ரத்தப் பரிசோதனை, எந்தத் தேதியில், ஒப்புதலை எப்போது ஏற்றுவீர்கள் என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையை முந்தின நாள் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்க டாக்டர் சம்மதித்தால் ஒரு பயணம் மிச்சம். வெள்ளை அணு குறைவு என்று அங்கே தெரிந்துவிட்டால் வீணாகப் போக வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்தத் துறைக்குப் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எலும்பு முறிவுக்கு இருக்கும், புற்றுநோய்க்கு இருக்காது. அறுவைக்கு இருக்கும், கரண்ட் வைக்கும் எந்திரமே அங்கே இருக்காது. முதல் சந்திப்பிலேயே 'மூன்றும் இங்கேயே முடியுமா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்' என்று கேட்பது நல்லது. அறுவைக்கும் கீமோவுக்கும் இடையே 4 முதல் 6 வாரம் என்பது வழக்கமான இடைவெளி. ஆஸ்பத்திரி மாறுவதில் அது கரைந்துவிடும்.

திட்டத்தில் சேர்ந்த நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தாலோ, தந்தாலும் அது ஒப்புதலான சிகிச்சைக்கே என்று தெரிந்தாலோ அதே 1800 எண்ணில் புகார் செய்யலாம். கலெக்டர் தலைமையில் மாவட்டக் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். மனுவில் அட்டை எண், சேர்ந்த தேதி, கேட்ட தொகை மூன்றும் இருந்தால் நகரும். 'ஏழை நான், ஆவன செய்யவும்' என்று மட்டும் எழுதினால் நகராது.

கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பயாப்சி, ஐ.எச்.சி., ஆபரேஷன் குறிப்பு, ஆபரேஷனுக்குப் பின் வரும் சதைப் பரிசோதனை அறிக்கை, ஒவ்வொரு கீமோவின் மருந்துப் பெயரும் அளவும், எக்கோ. இவ்வளவும் தேதி வரிசையில் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில். மூன்று செட் ஜெராக்ஸ். ஒரிஜினலை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

எந்த ஊருக்குப் போவது

கரண்ட் வைப்பது 15 நாளோ 25 நாளோ, வாரத்தில் ஐந்து நாள், தொடர்ச்சியாக. ஒவ்வொரு நாளும் படுக்கையில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆகவே இங்கே ஊரைத் தேர்ந்தெடுப்பது மருத்துவ முடிவு மட்டுமல்ல, தங்கும் இடத்தைப் பற்றிய முடிவு. தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் சுமார் 65 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து நிற்காத நாளில் போய்வரலாம். கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் நெடுஞ்சாலையில் நேர் வழி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூருதான் கிட்ட. அங்கே கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கர்நாடக அரசின் நிறுவனம், 1973 முதல் இயங்குவது. ஆனால் அந்த மாநிலத்தின் இலவசச் சிகிச்சைத் திட்டம் அந்த மாநில ரேஷன் அட்டைக்குத்தான். தமிழ்நாட்டு அட்டை அங்கே எந்த அளவுக்குச் செல்லும் என்பதைச் சேருவதற்கு முன் அங்குள்ள ஆயுஷ்மான் கவுண்டரில் எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். உறவுக்காரர் பொம்மனஹள்ளியில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் பெங்களூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு நடுவில் திரும்பி வருவது நல்லதல்ல.

அரசுச் செலவில் முழுச் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. இன்னொன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய இந்த இடம் மனநல ஆலோசனைக்கென்றே தனித் துறை வைத்திருக்கிறது. எங்கே போனாலும் முதல் நாளே நோயாளி நலப் பிரிவில் தர்மசாலை இடம் உண்டா என்று கேளுங்கள். லாட்ஜ் வாடகைதான் கரண்ட் வைக்கும் காலத்தின் மிகப்பெரிய செலவு.

ரயில் சலுகை பலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை. இரண்டாம் வகுப்பிலும் ஏ.சி. சேர் காரிலும் 75 சதவீதம் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் உண்டு. ஆஸ்பத்திரி தரும் குறிப்பிட்ட படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரயில் நிலையக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் ரயிலே இல்லை என்பது தெரிந்த கதை. அந்தப் பக்கத்தவர்கள் ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ்ஸில் போய்த்தான் ஏற வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் சென்னை, காட்பாடி பக்கம் போக மொரப்பூர். பெங்களூருக்குத் தர்மபுரி ஸ்டேஷன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும். சேலம் போகும் புறநகர் பஸ்ஸுக்கு அது செல்லாது. துணைக்கு வரும் ஆணுக்கு எதிலும் இல்லை.

வீட்டுச் செலவுக்கு

ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண் என்றால் அட்டையை விட, சம்பளத்தில் சந்தா பிடிக்கும் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பெரிய துணை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இது உண்டு. சிகிச்சை மட்டுமல்ல, கூலியும் கிடைக்கும். முதல் 91 நாளுக்கு 70 சதவீதம். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதன்பிறகு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். நிபந்தனை: இரண்டு ஆண்டு தொடர் வேலை, அந்த இரண்டு ஆண்டில் அடங்கும் நான்கு சந்தா காலத்தில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போட்டிருந்தால் பழைய நாட்கள் கணக்கில் சேராமல் போகும். இரண்டு எண்ணையும் இணைக்கக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் ஓய்வுச் சான்று இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். நடுவில் ஒரு வாரம் சான்று இல்லையென்றால் அந்த வாரப் பணமும் இல்லை. உடம்பு முடியவில்லை என்று வேலையை ராஜினாமா செய்துவிடுவதுதான் செய்யக்கூடாத வேலை. கணவர் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் மனைவிக்குச் சிகிச்சை உண்டு. கூலிப்பணம் மட்டும் காப்பீடு பெற்றவருக்கே.

களை பறிக்கவும் மாங்காய் இறக்கவும் போகிறவர்களுக்கு இப்படி எதுவும் இல்லை. அங்கேதான் கடன் உள்ளே வருகிறது. இந்த மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு: தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் தொடங்கியதே அன்றைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில்தான். ஆனால் இன்று 'குழுக் கடன்' என்று ஊரில் சொல்வது இரண்டு வேறு சரக்குகளை. ஒன்று மகளிர் குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்தும் வங்கி இணைப்பிலிருந்தும் வரும் கடன். குழு உட்கார்ந்து பேசி ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைக்க முடியும். இன்னொன்று நுண்கடன் கம்பெனி பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுக்கும் வாரக் கடன். கீமோ ஏற்றி வாந்தியோடு படுத்திருக்கும் வாரத்திலும் தவணை தவணைதான். ஒருத்தி கட்டாவிட்டால் மீதிப் பேர் கட்ட வேண்டும். நேற்று வரை அக்கா தங்கை என்று பேசியவர்களே முகம் திருப்பிக்கொள்ள அதுவே காரணமாகிவிடும். நகை இருந்தால் கூட்டுறவு வங்கி நகைக்கடன், அடுத்தது மகளிர் குழு, இந்த இரண்டும் தீர்ந்த பிறகும் வாரக் கடனைத் தொடாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். ஏற்கெனவே வாரக் கடன் இருந்தால், நோய் உறுதியானவுடனே பயாப்சி நகலோடு கிளை மேலாளரிடம் எழுத்தில் தவணை மாற்றம் கேளுங்கள். வசூலுக்கு வரும் பையனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது எங்கும் பதிவாகாது.

நிவாரண நிதிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. பிரதமரின் தேசிய நிவாரண நிதி சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை ஆஸ்பத்திரிக்கே நேரடியாக அனுப்பும். விண்ணப்பத்தோடு நோயாளியின் போட்டோ, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, நோயையும் உத்தேசச் செலவையும் குறிப்பிடும் டாக்டரின் அசல் சான்று வேண்டும். எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது. மற்றது, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி. 2009இல் ஏற்படுத்தியது, மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாகக் கிடைப்பது. அடையாறும் காஞ்சிபுரமும் கிட்வாயும் இந்த மையங்களில் அடங்கும். அங்கே சேர்ந்தவர்கள் சமூகப் பணியாளரிடம் இந்த நிதியின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். இரண்டு நிதிக்கும் பொதுவான விதி: ஏற்கெனவே செலவழித்ததைத் திருப்பித் தராது. கடன் வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பதில் பயனில்லை.

மனசுக்கு

நம் பக்கத்தில் நோயின் பெயரை நோயாளிக்கே சொல்லாத வீடுகள் அதிகம். 'கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருப்பார்கள். டாக்டர் மகனைப் பார்த்துப் பேசுவார், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்டு எப்படியும் தெரிந்துகொள்வார். அதைவிட முதல் கீமோவுக்கு முன்பே என்ன நோய், எத்தனை மாதம், முடி போகுமா, திரும்ப வருமா என்று டாக்டர் வாயாலேயே அவரிடம் சொல்லச் செய்வது மேல். முடி முதல் ஊசியிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக வரும். வேண்டுதல் என்று சொல்லி முன்கூட்டியே மொட்டை அடித்துக்கொள்வது நம் ஊரில் யார் கண்ணையும் உறுத்தாது. இந்த விஷயத்தில் நகரத்துப் பெண்ணை விட நம் பெண்களுக்குச் சுலபம்தான்.

டெலி மானஸ், எண் 14416. 2022இல் தொடங்கிய அரசுச் சேவை, 24 மணி நேரமும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நள்ளிரவில் தூக்கம் வராமல் பயம் பிடித்து ஆட்டும் நேரத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. குறை: ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கலாம், கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கீமோ பக்கவிளைவைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதற்கு ஆஸ்பத்திரி வார்டு நம்பர்தான். தொடர்ந்து ஒரே ஆளிடம் பேச வேண்டும் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அரசு ஓ.பி.யில் கட்டணம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாட்டைத் தள்ளுகிறார், 'நான் போயிட்டா உங்களுக்குச் செலவு மிச்சம்' என்று பேசுகிறார் என்றால் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாமல் அங்கே கூட்டிப் போங்கள். டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மனநல டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாராக்செட்டின், ஃபுளூவாக்செட்டின் போன்ற சில மருந்துகள் டாமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன, மாற்றித் தருவார்கள்.

கவனிக்கிற ஆளைக் கவனிக்க யாரும் இல்லை என்பது எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான ஓட்டை. மகளே துணை என்றால் அவளுடைய பள்ளிக்கூடம்தான் முதலில் நிற்கும். கீமோ நாளுக்கு ஒருவர், அதற்கடுத்த மூன்று நாளுக்கு வேறொருவர் என்று சொந்தத்தில் பங்கு போட்டு நாள்காட்டியில் எழுதி மாட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் ஊசி போடும் கிளினிக்கில் நிற்காமல் 108இல் நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கீமோ முடிந்து ஏழிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களையும் அதே நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

சிகிச்சை முடிந்தபின்

அக்குள் நெறிக்கட்டு எடுத்த பக்கத்துக் கை வீங்குவது வெகு காலம் கழித்தும் வரலாம். அந்தக் கையில் ஊசி, பி.பி. பட்டை, கனத்த குடம் வேண்டாம். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது ஏற்படும் சின்னக் கீறல்தான் நம் பக்கத்தில் பெரிய எதிரி. அதில் கிருமி ஏறிக் கை சிவந்து வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அரிவாள் பிடிக்கிற கை எதுவானாலும் தடித்த கையுறை போடுங்கள். பயிற்சி சொல்லித்தர 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். வலி நிவாரணப் பராமரிப்பும் இதில் உண்டு. பெயரை ஊர்ச் செவிலியரிடமோ தன்னார்வலரிடமோ பதிவு செய்யாதவரை யாரும் வர மாட்டார்கள்.

மார்பகம் முழுதும் எடுத்தவர்களுக்குச் செயற்கை மார்பகம் திட்டத்தில் கிடைக்கும் என்று எண்ணி இருக்க வேண்டாம். காயம் ஆறும் வரை மென்மையான பருத்திப் பை போதும். வெறும் பஞ்சு எடையில்லாமல் மேலே ஏறிவிடும். நடுவில் ஒரு சிறு துணிமுடிச்சில் கேழ்வரகு வைத்துத் தைத்து, ரவிக்கையின் உள்பக்கம் ஒரு பாக்கெட் போட்டால் நிற்கும். துவைக்கும்போது முடிச்சை எடுத்துவிட வசதியாக ஓரத்தில் கொக்கி வையுங்கள். சிலிக்கோனில் செய்த செயற்கை மார்பகம் வாங்குவது கரண்ட் வைத்த தோல் ஆறிய பிறகு.

ஹார்மோன் மாத்திரை ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து. விலை குறைந்த மாத்திரைதான், டாமாக்சிஃபென் 20 மில்லிகிராம். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்து அடுத்த மாதம் ஸ்டாக் இல்லை என்றால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு வந்தால் மாத்திரையால்தான் என்று விட்டுவிடாமல் மகப்பேறு ஓ.பி.யில் காட்டுங்கள். மறுபக்க மார்புக்கு ஆண்டுக்கு ஒரு மேமோகிராம். அதற்கு வரும்போதும் அந்தப் பிளாஸ்டிக் ஃபைல் முழுசாகக் கையில் இருக்க வேண்டும். டாக்டர் மாறியிருப்பார்.